கட்டைவிரல் அசையும்வரை

ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்துகிறேன். மணிக்கட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு வட்டங்கள் வழியாக மின்சாரம் நான்கு முறை தட்டுகிறது, டக் டக் டக் டக் என்று பெட்டி மட்டும் சத்தம் போடுகிறது, என் உள்ளங்கையில் கிடக்கும் செண்பகவல்லியின் கட்டைவிரல் கிடந்தபடியே கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாது இதை. தசையைத் தளர்த்தும் மருந்து உடம்பைவிட்டுத் தானாக இறங்கி வர வேண்டும், நரம்பில் தட்டினால் விரல் துள்ள வேண்டும், நாலு தட்டுக்கும் நாலு துள்ளல், நாலாவது துள்ளல் முதலாவதைப்போலவே இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தொண்டையில் போட்ட குழாயை எடுக்கலாம். அதுவரை இந்த அம்மாவுக்கு மூச்சு அந்த மெஷின்தான். புஸ் என்று போகிறது, ஹா என்று வருகிறது. எல்லாரும் போய்விட்டார்கள். தையல் போட்டு முடித்த டாக்டர் ரஃபீக் கையுறையைக் கழற்றி வாளியில் எறிந்துவிட்டு, எதையும் பார்க்காமல், டீ குடிக்கப் போய்விட்டார். டீ குடிக்கவா போனார். இவளுடைய அண்ணனிடம் சொல்லப் போனார். சிஸ்டர் தங்கபுஷ்பம் மட்டும் மூலையில் கருவிகளை எண்ணித் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், இரும்பு இரும்பில் படுகிற சின்னச் சத்தம், வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை இழுத்துப்போகிற சத்தம். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யார் கண்டது. மதியச் சாப்பாடு தாண்டும் என்று நினைத்துத்தான் மறுபடி ஒரு தடவை மருந்து ஏற்றினேன். “மேடம், வயிறு டைட்டா இருக்கு, கொஞ்சம் தளர்த்திக் குடுங்க” என்று ரஃபீக் கேட்டார், கொடுத்தேன், வயிறு துணி மாதிரி விழுந்தது, அவர் கையை உள்ளே விட்டார், அப்படியே நின்றார். நான் தலைமாட்டில் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும். முகமூடிக்கு மேலே கண் இரண்டும். அந்தக் கண் எதையோ தேடுவதை நிறுத்திவிட்டது. “கல்லீரல் பூரா கட்டி இருக்கு மேடம். குடல் மேலெல்லாம் உப்பு தூவுனமாதிரி. ஸ்கேன்ல இது ஒண்ணுமே தெரியலையே.” கையை வெளியே எடுத்தார். “மூடிரலாம்” என்றார்.

அழுத்துகிறேன். இல்லை. காலையில் இந்தக் கை சூடாக இருந்தது, வியர்த்திருந்தது, என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவைத்துக் கேட்டது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம். பெரிய தோள், வெயிலில் கறுத்த கழுத்து, விசில் கயிறு உரசி உரசிக் கழுத்தில் ஒரு வெளுத்த கோடு. “டாக்டர், ஒண்ணு கேக்கட்டா, சிரிக்கக் கூடாது. நடுவுல எனக்கு முழிப்பு வந்துட்டுன்னா? கை கால் அசையாதாம்லா? கத்தணும்னாலும் கத்த முடியாதாமே? எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் சொன்னா.” சிரிக்கவில்லை நான். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். தூங்க வைக்கிற மருந்து வேறம்மா, தசையைத் தளர்த்துகிற மருந்து வேற, தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், அப்புறம் உங்கள் உடம்புக்குப் பலம் முழுசாகத் திரும்பின பிறகுதான் எழுப்புவேன், அதுக்கு உங்கள் கட்டைவிரலை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றேன். அவள் விரலைத் தூக்கித் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “கிரவுண்டுல நான் ஒரு விசில் அடிச்சேன்னா மொத்த ஸ்கூலும் நின்ன எடத்துல நிக்கும் டாக்டர். இப்ப என்னய நிக்க வச்சிட்டீங்க.” சிரித்தாள். பல் வரிசையாக, வெள்ளையாக. குழாய் போடும்போது அந்தப் பல்லில் இரும்பு பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்துப் போட்டேன். போட்டுப் பழகின கை. வாயைத் திறக்கிறது, நாக்கை ஒதுக்குகிறது, குரல்நாண் இரண்டும் வெள்ளையாகத் தெரிகிறது, குழாய் உள்ளே போகிறது. யோசிக்கவே வேண்டாம். யோசித்தால்தான் தப்பு வரும். அதைத்தான் என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், என் கைக்கு யோசிக்கத் தெரியாதுங்க என்று, நேற்றுச் சாயங்காலம், அவர் கேட்டபோது. சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினேன்.

வேண்டாம், இப்போது அது வேண்டாம். இங்கே இரு. நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, மயக்க வாயு ஓடிக்கொண்டிருக்கிறது, தூங்குகிறாள், ஒன்றும் தெரியாது அவளுக்கு. ஒன்றும் தெரியாமல் இருக்கிற கடைசி நேரம் இது. விழித்தால் கேட்பாள். எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான், கண் சரியாகத் திறக்கும் முன்னாலேயே, தொண்டை கரகரக்க, முடிஞ்சிட்டா, எடுத்தாச்சா. கேட்பது அறுவைசிகிச்சை செய்தவரிடம் இல்லை, அவர் அப்போது இருக்கமாட்டார், முகத்துக்கு நேரே குனிந்துகொண்டு நிற்கிற என்னிடம். டாக்டர் ரஃபீக் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். “கேட்டாங்கன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்லிருங்க மேடம். பொறவு பாத்துக்கிடலாம். அவங்க அண்ணன் காலைலயே சொல்லிட்டார், எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, தங்கச்சிகிட்ட மட்டும் வேண்டாம், தாங்கமாட்டான்னு.” நல்ல மனிதர்தான் ரஃபீக். கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாட்களில் அவர் சாப்பிடவே மாட்டார். அண்ணனும் நல்லவர்தான், ஆறுமுகநயினார், வெள்ளைச் சட்டை, காலையில் வராந்தாவில் தங்கையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சேர்ந்து ஒருத்திக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளப் போகிறோம்.

அழுத்துகிறேன். அசைந்ததா? இல்லை. என் விரல்தான் அசைந்திருக்கும். “இன்னும் வரலியா மேடம்?” என்கிறாள் தங்கபுஷ்பம். இன்னும் இல்லம்மா என்கிறேன். தசைத் தளர்வை உடனே போக்கிவிடுகிற புது மருந்து பெரிய ஊர்களில் இருக்கிறது, இங்கே வைப்பதில்லை, இங்கே இருக்கிற மருந்துக்கு விரல் முதலில் தானாகக் கொஞ்சம் அசைந்து காட்ட வேண்டும். உடம்பு பாதி வழி வந்தால்தான் மீதி வழிக்கு நாம் கைகொடுக்கலாம். வந்துவிடும். இது வந்துவிடும். எத்தனை வருடமாக இப்படி யார் யார் கையையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வராமல் போனதே இல்லை. அதனால்தான் அன்றைக்குச் சென்னையில் அந்தப் பரிசோதனை அறையில் எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து மணிக்கட்டில் இதே இடத்தில்தான் கம்பியை வைத்தார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, என்னங்க, என் வேலையை உங்க கையிலயே செய்யுதாங்க என்றேன். ஞானராஜும் சிரித்தார். பரிசோதனை செய்கிற பையன் பொத்தானை அழுத்தினான். அவருடைய கட்டைவிரல் துள்ளியது. துள்ளியது என்று சொல்ல முடியாது. தூக்கத்தில் குழந்தை விரலை அசைக்குமே, அப்படி. பையன் மின்சாரத்தைக் கூட்டினான். அதே அசைவு. இன்னும் கூட்டினான். அவருக்கு வலித்திருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை, அவர் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை விரலைப் பார்த்தவள் நான். ரிப்போர்ட் வர வேண்டியதே இல்லை எனக்கு. மருந்து எதுவும் ஏற்றவில்லை, இறங்குவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் தசை கேட்கவில்லை. நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தது, கல்யாண வீட்டில் எல்லாரும் போன பிறகு சீரியல் விளக்கைக் கழற்றுவார்களே அப்படி, இந்த மூலை, அந்த மூலை. என் முகத்தில் அவர் அதைப் படித்துவிட்டார். வெளியே வந்து லிஃப்டில் கேட்டார், “என்ன, ரெட் சிக்னலா?” லிஃப்டில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரயில் ஓட்டியவர். சரக்கு வண்டியில் தொடங்கி எக்ஸ்பிரஸ் வரைக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு அவர் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவருக்கு என் வேலையும் அப்படித்தான். இஞ்சின்ல ஒரு பொத்தான் உண்டு பியூலா, டிரைவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாம இருந்தான்னு வை, லைட் எரியும், சத்தம் போடும், அத நாங்க அழுத்தணும், அழுத்தலேன்னா ஆளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு வண்டி தானா பிரேக் போட்டு நின்னுரும் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, அப்போ நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அடிக்கடி கையெழுத்துப் போடணும் என்றேன். கையில் பலம் குறைகிறது என்று அவருக்குத் தோன்றிய அன்றே, யாரும் கண்டுபிடிக்கும் முன்னால், டெப்போவில் போய்த் தானே சொல்லிவிட்டார், இனி நான் வண்டி எடுக்கக் கூடாது என்று. மேலதிகாரிகள் நம்பவில்லை, லீவுக்கு ஏதோ சாக்கு என்று நினைத்தார்கள். “பின்னால ஆயிரம் பேர் தூங்கிட்டு வாராங்க, நான் எனக்குத் தோணுனதச் சொல்லாம எப்படி ஓட்ட?” வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் போட்டு மூடினார். அழுதது நான்தான். அப்படிப்பட்ட மனிதர் கேட்கிறார். சும்மா கேட்கமாட்டார். முதலில் கை, அப்புறம் கால், இப்போது நாக்கு. பேச்சு குழைந்து குழைந்து வருகிறது, எனக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிற இசக்கியம்மாளுக்கும்தான் புரிகிறது, சபை ஆட்கள் வந்தால் நான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சும் குறைகிறது. எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும், தூங்கும்போது தோள் ஏறி இறங்குகிறது, ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். அதனால்தான் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற அம்பு பையை வாங்கி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். குழாய்களும் வைத்தேன். இசக்கியம்மாள் துணி எடுக்கும்போது பீரோ திறந்திருக்கிறது, அவர் பார்த்துவிட்டார்.

“பியூலா, அது எதுக்கு?” ஒரு அவசரத்துக்குங்க. “எந்த அவசரம்?” நான் பீரோவைச் சாத்தினேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், ஒவ்வொரு சொல்லையும் சுமந்து கொண்டுவந்து வைக்கிறமாதிரி. “மூச்சு நின்னுதுன்னா, விட்டுரு. குழாய் போடாத. மெஷின்ல வைக்காத. படுத்துக்கிட்டு, கண்ண மட்டும் அசைச்சிக்கிட்டு, எத்தன வருஷமோ. எனக்கு வேண்டாம். நீ சரின்னு சொல்லு.” சில பேர் அந்த மெஷினோடு இருக்கிறார்கள், சந்தோஷமாகக்கூட இருக்கிறார்கள் என்றேன். “இருக்கட்டும். நான் அவங்க இல்ல.” என்னை ஏன் கேட்கிறார். ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. புருஷன் மூச்சு நின்றால் கதறுவார்கள், ஓடுவார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் கதறமாட்டேன். என் கை போய்விடும். தாடையைத் தூக்கும், வாயைத் திறக்கும், எனக்கே தெரியாமல் உள்ளே குழாய் இருக்கும். வாழ்நாள் முழுக்க மூச்சு நிற்க விடாமல் செய்வதற்கென்றே பழக்கின கையைச் சும்மா வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். அது என்னால் ஆகுமா. ஆகாது. ஆகாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. டம்ளர் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை, தூங்குகிறவர் மூச்சு எனக்குத் தெரியும். காலையில் கிளம்பும்போது போயிட்டு வாரேங்க என்றேன். தலையை அசைத்தார். மறுபடி கேட்கவில்லை. அதுதான் என்னைக் காலையிலிருந்து அறுக்கிறது, மறுபடி கேட்காதது.

அழுத்துகிறேன். இருக்கிறது! ஒன்று. ஒரே ஒன்று, முதல் தட்டுக்கு மட்டும், விரலின் அடிச்சதை ஒரு தடவை இழுத்துக்கொண்டது. “வந்துட்டு சிஸ்டர்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கு இது தினமும் நடக்கிற விஷயம், இந்த மேடத்துக்கு என்ன இன்றைக்கு என்று நினைத்திருப்பாள். இப்போது பொறுக்க வேண்டும். இரண்டு வருகிறது. கொஞ்சம் கழித்து இரண்டாவது உறுதியாக, மூன்றாவது சந்தேகமாக. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, உடனே அந்த மகிழ்ச்சி வெட்கமாக இருக்கிறது. எதற்கு எழுப்புகிறேன் இவளை. பலம் முழுசாகக் கொடுத்து, மூச்சைக் கொடுத்து, நாக்கைக் கொடுத்து, கேட்க வைத்து, அப்புறம் நல்லபடியா முடிஞ்சது என்று சொல்லப்போகிறேன். அவள் நம்புவாள். அதுதான் கொடுமை. வீட்டுக்குப் போவாள், வயிற்றுத் தையல் ஆறும், அடுத்த வருடம் விளையாட்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பாள், உடம்பு இளைக்கும், ஏன் இளைக்கிறது என்று கேட்பாள், எல்லாரும் ஒரே பதிலை ஒப்பிப்பார்கள். அசைய முடியாமல் முழித்துக்கொண்டு கிடப்பதற்குத்தான் அவள் பயந்தாள். சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க, தனக்கு மட்டும் தெரியாமல் படுத்திருப்பது அதைவிட எந்த விதத்தில் தேவலை. நான்காவது வந்துவிட்டது. சின்னதாக. தளர்வைப் போக்கும் மருந்தை ஏற்றுகிறேன், மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே. அழுத்துகிறேன், நான்கும், கடைசி இன்னும் சோர்ந்திருக்கிறது. என்ன சொல்லப்போகிறாய் பியூலா. நேற்று டம்ளர் கழுவினாய், இங்கே எதைக் கழுவப்போகிறாய். அழுத்துகிறேன். நான்கும் ஒன்றுபோல, பெட்டியின் எண்ணும் அதையே சொல்கிறது. வாயுவை நிறுத்துகிறேன்.

இமை அசைந்தது. இருமல். “செண்பகவல்லி, கண்ணத் தொறங்க. என் கையப் பிடிங்க. இறுக்கி.” பிடித்தாள். விளையாட்டு டீச்சர் பிடி. தலையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள், அப்படியே நிறுத்தினாள். குழாயை எடுத்தேன். தானாக இழுத்த முதல் மூச்சில் நெஞ்சு முழுக்க ஏறியது. கண் மெல்ல என் முகத்தைத் தேடிப் பிடித்தது. உடனே கேட்கவில்லை. விழிப்பறைக்குக் கொண்டுபோய், முதுகை உயர்த்தி, பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பேச்சு தெளிந்து, வலிக்கு ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் ஆன பிறகு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் என்னிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தாள், நானும் மதியம் தாண்டும் என்றிருந்தேன். இன்னும் மதியம் ஆகவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

“எடுத்தாச்சா டாக்டர்?”

தங்கபுஷ்பம் என் பின்னால் நின்றாள். அவள் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. “இல்லம்மா” என்றேன். “எடுக்க முடியல. எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தது. ரஃபீக் சார் வந்து ஒங்ககிட்டயே எல்லாம் சொல்லுவார். இனி என்ன செய்யலாம்னும் சொல்லுவார். அப்போ நானும் இங்க இருப்பேன்.” அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணின் ஓரத்தில் நீர் நிரம்பி, காதுப் பக்கம் இறங்கியது. வயிறு குலுங்கினால் வலிக்கும் என்று அழுகையை அடக்கிக்கொண்டாள், உதட்டைக் கடித்து. பிறகு, “நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எங்கண்ணன் சொல்லாதன்னு சொல்லியிருப்பான்லா?” நான் தலையசைத்தேன். “அவன்தான் தாங்கமாட்டான் டாக்டர். அப்பா செத்தப்பவும் அவனத்தான் நாலு பேரு பிடிச்சிருந்தாங்க. அவன வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிடுதேன்.” வராந்தாவுக்குப் போய் ஆறுமுகநயினாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்க எப்படி சொல்லலாம்?” என்று ஆரம்பித்தார், குரல் உடைந்துபோனது. “அவ என்ன சொன்னா?” உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, உள்ளே போனார். கதவு மூடும் முன்னால் ஒரு கணம் பார்த்தேன், அவர் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்திருந்தார், அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உடை மாற்றுகிற அறையில் யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். இசக்கியம்மாள் எடுத்தாள். அய்யா காதுல வையிங்க என்றேன். “வச்சிட்டேம்மா.” அவருடைய மூச்சு கேட்டது. மேலோட்டமாக, அடிக்கடி. என்னங்க என்றேன். ம் என்றார். “நேத்து கேட்டீங்கல்லா. நான் எந்திரிச்சுப் போயிட்டேன்.” மூச்சு மட்டும். “எனக்குப் பயமா இருக்கு. என் கையப் பத்திப் பயமா இருக்கு. ஆனா, சரி. போடமாட்டேன். ஒங்க கையப் பிடிச்சிட்டுப் பக்கத்துலதான் இருப்பேன். மூச்சு முட்டுனா அதுக்கு மருந்து இருக்கு, கஷ்டம் தெரியாமப் பாத்துக்கிடுவேன். வேற ஒண்ணும் செய்யமாட்டேன். சரிங்க.” சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இன்னொரு கையால் பெஞ்சின் விளிம்பை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்தப் பக்கம் ஒரு சத்தம், குழறலாக, பாதியில் நின்று, மறுபடி தொடங்கி. இசக்கியம்மாள் போனை வாங்கி, “என்னமோ சொல்லுதாங்கம்மா, எனக்கு வெளங்கல, கண்ணெல்லாம் தண்ணியா இருக்கு” என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. நன்றி என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் சொல்லாத வார்த்தை, நானும் அவரிடம் சொல்லாத வார்த்தை, வீட்டுக்குள் யாராவது அதைச் சொல்வார்களா, இப்போது அதற்கு நாக்கு மேலே போய் ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை, காற்றாகப் போகிறது. போனை மறுபடி அவர் காதில் வைக்கச் சொன்னேன்.

“எனக்கும் வெளங்கலங்க” என்றேன். “இன்னொரு தடவை சொல்லுங்க.”